வாகனம் வந்தால் நின்றுவிடும் கணனி

எல்கடுவ,
14.09.2008

அன்பிற்குரிய மகன் லோரன்சுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகமாயிருக்கிறோம். நீயும் டோஹாவில் சுகமாகவே இருப்பாய் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் சுகமில்லாத ஒருவனால் சென்ற கடிதத்தில் நீ எழுதியதுபோல் ஒன்பது இலக்கமிட்டு ஆலோசனை எழுத இயலாது. இக்கடிதம் தபாலில் வரவில்லை, விடுமுறை முடிந்து திரும்பும் உன் அறைத்தோழர் சுந்தரலிங்கத்தின் கையில் ஒப்படைக்கப்படுகிறது, ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கணனி பற்றிய உன் ஒன்பது ஆலோசனைகளையும் வரிசை பிசகாமல் நிறைவேற்றினேன் என்பதை முதலில் அறியத்தருகிறேன். அணைத்துப் போட்டேன், தூசி தட்டினேன், வைரஸ் தேடினேன், உள்ளிருந்த அனைத்தையும் அழித்து மீண்டும் ஏற்றுவித்தேன். எட்டும் பயனளிக்கவில்லை. ஒன்பதாவதாக, பாவிக்கிறவரில் பிழை இருக்கலாம் என்று எழுதியிருந்தாய். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பிள்ளைகளைத் தாலாட்டிக்கொண்டே, சாமான் சுற்றி வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வாசித்து எழுதக் கற்றவள் நான். எனக்கு யாரும் கணனி வகுப்பு எடுக்கவில்லை என்பது உண்மை, உனக்கு எடுத்தவர்களுக்கு நான் கட்டிய பணத்தைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை.

நோய் இன்னதென்று மறுபடியும் தெளிவாக எழுதுகிறேன், இம்முறையாவது முழுவதையும் வாசி. நான் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன், திடீரென்று எழுத்து விழாது, மவுஸை எப்பக்கம் இழுத்தாலும் அம்பு அசையாது, திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். சேமிக்கவும் முடியாது. பொறுத்துப் பார்த்து வெறுத்துப்போய் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்யும், எழுதியது மட்டும் இராது. மூன்று தடவை படுக்கைவிரிப்பில் சுற்றி, திரீவீலரில் மடியில் வைத்து, மாத்தளையில் இத்ரூசின் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே காலையிலிருந்து பகல் வரை ஓடவிட்டும் ஒருமுறைகூட நிற்கவில்லை. மூன்றாம் முறை அவர், அக்கா, மெஷின் சோக்கா ஈக்கிது, ஒங்கட ஊட்டுலதான் என்னமோ ஈக்கிது, என்றார். கடைக்காரர் பகிடி விடுகிறார் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அவசரம் என்று நீ கேட்கலாம். கீழ் லயத்து வீட்டுக் காத்தாயியின் கணவன் அழகமுத்து தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறவன் என்பது உனக்குத் தெரியும். சென்ற மாதக் கடைசியில் வேலை முடிந்து வரும்போது படையினரின் வழிச்சோதனையில் இறக்கப்பட்டான். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து இரண்டு வருடமாகியும் அட்டை வரவில்லை, விண்ணப்பித்ததற்கான துண்டுச்சீட்டு மாத்திரமே அவனிடம் இருந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. கேட்ட இடமெல்லாம் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். நம் பங்குத்தந்தை வெள்ளிக்கிழமை காலை கண்டிக்குப் போவதாகவும், மனு ஒன்றை ஆங்கிலத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்தால் உரிய இடத்தில் தாமே கையளிப்பதாகவும் சொன்னார். கையால் எழுதிக் கொடுத்தால் என்ன என்று உன்னைப்போன்ற படித்தவர்கள் கேட்பீர்கள். கையால் எழுதிய மனு கட்டின் அடியில் போகும், அச்சடித்த மனு மேலே இருக்கும், இதை ஒரு பல்கலைக்கழகமும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை போலும். காத்தாயி தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக வந்து வாசலில் நின்று, பேப்பரு ஆச்சுங்களாம்மா, என்று கேட்பாள். ஆகவில்லை, மிஷின் நின்றுபோயிற்று என்று நான் சொல்வேன். மூன்று நாள் இவ்விதமாகச் சொன்னேன். மூன்றாம் நாள் அவள், மிஷினுக்கும் எங்க மேல என்னாங்க கோவம், என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதன்பின் உன் ஒன்பதையும் ஒதுக்கிவிட்டு நானே ஆராய்ந்தேன். திரையின் மூலையிலுள்ள மணிக்கூட்டைக் கவனித்தேன், மற்றதெல்லாம் நின்றாலும் அது நகர்ந்துகொண்டிருந்தது. ஆகவே இயந்திரத்துக்கு உயிர் இருக்கிறது, காது மட்டுமே அடைத்துக்கொள்கிறது என்று தீர்மானித்தேன். ஒரு கொப்பியில் நின்ற நேரத்தையும் அந்நேரம் வீட்டைச் சுற்றி நடந்ததையும் குறித்துவந்தேன். எட்டுக் குறிப்புகள் சேர்ந்தபோது, எட்டிலும் கீழ்ப் பாதையில் ஜீப்போ வேறேதோ வாகனமோ ஏறிவந்திருந்தது. வாகனத்தின் அதிர்வே காரணம் என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். ஆனால் தினமும் பதினொரு மணிக்கு நம் வேலியை உரசிக்கொண்டு போகும் கொழுந்து லொறிக்கு அது ஒருநாளும் நின்றதில்லை. கொழுந்து லொறிக்கும் ஜீப்புக்கும் வேறுபாடு தெரிந்த கணனியை உங்கள் கம்பனி எங்கேயிருந்து வாங்கி உனக்குக் கொடுத்தது என்று உன்னிடம் கேட்டு எழுதவே எண்ணியிருந்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மனு முடியும் தறுவாயில் இருந்தது. அழகமுத்துவின் பெயர், பிடிக்கப்பட்ட நாள், இடம், இல்லையென்று மறுத்தவர்களின் பதவிகள் எல்லாம் பெரிய எழுத்தில் திரையில் நின்றன. அப்போது ஜீப் வந்தது. வழக்கம்போல் கணனி நின்றது. ஆனால் ஜீப் இம்முறை போகாமல் நம் வாசலிலேயே நின்றது. நான் அந்தக் கடிதத்தை மூட முயன்றேன், மறைக்க முயன்றேன், ஒன்றும் நடக்கவில்லை. சுவிட்சுக்குக் கை நீட்டுமுன் நான்கு சிப்பாய்களும் ஓர் இளம் அதிகாரியும் உள்ளே வந்துவிட்டார்கள். சிப்பாய்கள் அலுமாரியையும் அரிசிப் பெட்டியையும் பார்த்தார்கள். அதிகாரி என் கதிரையில் அமர்ந்து, திரையில் தெரிந்த பாதியை வாசித்தார், மீதியை வாசிக்க மவுஸை அசைத்தார், அது அசையவில்லை. மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, அம்மே, மேக்கே ரிசீவர் எக்க கோ, என்று சிங்களத்தில் கேட்டார். அதாவது இதன் ரிசீவர் எங்கே என்று. வயர் இல்லாத விசைப்பலகையும் மவுஸும் என்று பெருமையாக நீ அனுப்பினாயே, அவற்றின் சொல்லைக் கணனிக்குக் கொண்டுபோகும் வால் வைத்த அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் கேட்டார். அது செருகப்பட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது. பலகைத் தட்டிக்கு அப்பால், கட்டிலிலிருந்து, கையில் செபமாலையுடன் உன் அப்பா எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். தட்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கிறதல்லவா, அதன் வழியாகக் கையை விட்டு, தெரியாத வாகனச் சத்தம் கேட்டபோதெல்லாம் என் எழுத்தை நிறுத்தப் பிடுங்கியிருக்கிறார், போனபின் செருகியிருக்கிறார். முப்பது வருடம் தொழிற்சாலையில் காவல் இருந்த மனிதருக்கு ஒவ்வொரு எஞ்சினின் குரலும் அத்துப்படி, கொழுந்து லொறி தப்பியது அதனால்தான். வீட்டில் என்னமோ இருக்கிறது என்ற இத்ரூசிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய நிலைக்கு நான் ஆளாகியிருக்கிறேன். உன் ஒன்பதில் கணவன் என்றொரு இலக்கம் இல்லாதது எத்துணை பெரிய குறை என்பதையும் கருத்திற்கொள்.

அதிகாரி ரிசீவரைச் செருகி, மனுவைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தார். எழுதியது யார் என்றார், நான் என்றேன். இதெல்லாம் உண்மையா என்றார், ஒவ்வொரு சொல்லும் என்று சிங்களத்தில் சொன்னேன். என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு, மிகுந்த பணிவுடன் என்பதை மூன்று இடத்தில் போட்டிருக்கிறீர்கள், ஒன்று போதும், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனு எழுதும் மரபு அறியாத பிள்ளை. நான் ஒன்றையும் நீக்கவில்லை.

ஜீப் இறங்கிப் போனபின் உன் அப்பாவிடம் நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவது இக்கடிதத்தின் கண்ணியத்துக்குப் பொருந்தாது. நீர் பிடுங்கியதால்தான் மனு அவர்கள் கண்முன் ஆணியடித்ததுபோல் நின்றது, என்னால் மூடமுடியாமற் போயிற்று என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில் ஒரேயொரு வார்த்தை சொன்னார். அழகமுத்துவப் புடிச்சா எழுத நீ இருக்க, நாளைக்கு ஒன்னயப் புடிச்சா எழுத எனக்கு இங்கிலீசு தெரியுமா லூசி, என்றார். நாற்பத்தோரு வருட இல்வாழ்க்கையில் பேச்சில் அவர் என்னை வென்றது இதுவே முதற்தடவை, இதை அவரிடம் போனில் சொல்லிவிடாதே.

வெள்ளிக்கிழமை விடிய மனு அச்சாகி பங்குத்தந்தையின் கைக்குப் போனது. நேற்று மாலை செய்தி வந்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றவர்கள் இப்போது இருக்கிறார் என்கிறார்களாம், புதன்கிழமை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்களாம். காத்தாயி வாசலில் உட்கார்ந்து, இருக்காருங்கம்மா, இருக்காருங்க, என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ் லயத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் துண்டுச்சீட்டுகளோடு வந்து மனு கேட்டுப் போயிருக்கிறார்கள். நான் எழுதத்தான் போகிறேன். ஆகவே வயர் உள்ள விசைப்பலகை ஒன்று அனுப்பி உன் பணத்தை வீணாக்காதே, இவர் வயரையும் பிடுங்குவார்.

மகனே, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, ஆலோசனை எழுதுமுன் கடிதத்தை இருமுறை வாசி. மாதாவின் பரிந்துரையும் எங்கள் இருவரின் ஆசீரும் எப்போதும் உன்னோடிருக்கும். இத்துடன் ஆங்கிலத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், பத்திரப்படுத்து. அதுவும் மனுதான். பெயர், வயது, முகவரி, குடும்ப விபரம் யாவும் என்னுடையவை, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, ஒரு சொல்லையும் மாற்றாதே. பிடிக்கப்பட்ட திகதிக்கும் இடத்துக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதை நிரப்பிக் கையொப்பமிட்டால் போதும். உன் அப்பாவுக்கு இதைத் தெரியப்படுத்தவில்லை.

இங்ஙனம்,
உன் அன்புத் தாயார்,
இரா. லூசியா