செவிடித் தாயும் அரளிப் பூவும்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. தலைச்சோலை பஸ் இருபது நிமிடம் தாமதம். தங்கச்சி சுமதிக்கு டயாலிசிஸ் நாள். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் நான் லீவு கேட்டால் மேனேஜர் முகம் போகிற போக்கு தெரிந்ததே.

கொண்டை ஊசி வளைவுகளில் சு.வுக்கு இரண்டு முறை வாந்தி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பஸ்ஸில் என் அக்கா மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மெஷினில் நாலு மணி நேரம். வழக்கம்போல ஏழூர் வேலை. (புது நோட்டு, அதனால் ஒரு தடவை எழுதி வைக்கிறேன். ஏழூர் = ஆறு பேர் போனில் சேர்ந்து கட்டும் கற்பனை உலகம். நானும் சுமதியும் போக மற்ற நாலு பேரை நேரில் பார்த்ததில்லை. கோயமுத்தூர்க்காரர் வரைபடம், மதுரைப் பெண் ராஜாக்களும் சண்டைகளும். சாமிகள் எல்லாம் சுமதி பொறுப்பு. நான் எடுபிடி.)

இன்று முடிந்தவை:
– உப்பளத்துச் சாமிக்குத் திருவிழா. தேர் நிற்கும், ஊர் நகரும்.
– காற்றுக் கன்னிமாரில் ஒருத்தியைக் கழித்தாயிற்று. ஆறு போதுமாம்.
– புதுசு: செவிடித் தாய். காது கேட்காத தெய்வம். வேண்டுதல் கிடையாது. செய்த தப்பை உரக்கச் சொல்லிவிட்டு, ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

"கேக்காத சாமிகிட்ட எதுக்குச் சொல்லோணும்?"

"கேக்கற சாமிகிட்டச் சொல்லி என்னத்தைங்ண்ணா கண்டோம்?" என்றாள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் இன்று வரவில்லை. நர்ஸிடம் கேட்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. குடை கம்பி உடைந்தது.

சு.வுக்குக் கிட்னி கொடுக்க என் ரத்தம் சேராது என்று போன மாதமே சொல்லியாயிற்று. அம்மாவின் ரத்தம் சேருமாம். மற்ற டெஸ்ட் எல்லாம் இனிமேல்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் நடுக்கம். "மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கலாஞ் சாமி" என்கிறாள்.

இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு என்றால் வேண்டாம் என்கிறாள். சிவப்பு வந்துவிட்டால் அம்மாவை ஒருத்தரும் அசைக்க முடியாது. சுமதி கதை அவ்வளவுதான்.

எனக்கு நம்பிக்கை இல்லை. வாரம் ஒரு சாமி செய்கிறவனுக்கு எங்கிருந்து வரும்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். பொட்டலம் கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். வாழையிலைத் துண்டு, நூல். இரண்டிலும் வெள்ளை. ஏழூரில் ஒரு திருட்டுப் பூசாரியைப் போன வருஷம் எழுதினேன், அவன் செய்தது இதுதான்.

பூசாரி பிரித்தார். வெள்ளை. மற்ற பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஆத்தாளே குடுக்கச் சொல்லிப்போட்டா, இனி எனக்கென்ன பயம்!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வழியெல்லாம் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 18, செவ்வாய்

டெஸ்ட் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை. பல வருஷமாக இருந்திருக்கிறது, நாங்கள் பார்த்ததே இல்லை. கொடுக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். மாத்திரை எழுதினார்.

"டாக்டருக்கு என்ன கண்ணு தெரியும்? ஆத்தா வெள்ளப் பூக் குடுத்திருக்கறா" என்றாள் அம்மா.

வேறு வழி ஒன்றும் இல்லை. கிட்னிக்குக் காத்திருப்போர் பட்டியலில் சு. பேர் இருக்கிறது, இருந்துகொண்டே இருக்கும். திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று ஜன்னலோரம்.

நவம்பர் 24, திங்கள்

எஸ்டேட்டில் பறிக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் ஓடி வந்தாள். "ஏனுங்க ரைட்டரே, பழம் பறிக்கறப்ப உங்கம்மா காப்பிச் செடிக்குள்ள உழுந்து கெடக்கறாங்க!"

ஒரு வாரமாகப் பட்டினியாம். எனக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, நான் போனதும் நாய்க்குப் போட்டிருக்கிறாள். சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை போய்விடும், அப்புறம் கொடுக்கலாம் என்று கணக்கு. மாத்திரை மட்டும் ஒழுங்காக விழுங்கியிருக்கிறாள்.

"சாப்புடும்மா. செத்துப் போயிருவ."

"ஆத்தா சொன்னது பொய்யாப் போலாமா கண்ணு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கோழை. வேறு வார்த்தை கிடையாது.

சாயங்காலம் ஏழூரில் எழுதிப் போட்டேன்: செவிடித் தாயிடம் அந்தத் திருட்டுப் பூசாரி வருகிறான், இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூவை வைத்ததைச் சொல்லிவிட்டுக் கல்லை வைக்கிறான். கோயமுத்தூர்க்காரர் கைதட்டல் படம் அனுப்பினார். சு.வும் படித்துவிட்டாள்.

நவம்பர் 25, செவ்வாய்

மெஷினில் படுத்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பூசாரி நீங்கதானுங்ண்ணா?"

தலையாட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்குன்னுதான பண்ணுனீங்க. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க. அப்பறம் அவங்களுக்கு ஆத்தாளும் இல்ல, நீங்களும் இல்ல."

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். ஏழூர் பக்கம் போகவே இல்லை. ராத்திரி வீட்டில் அம்மாவிடம் சொன்னாள், "இன்னொருக்காப் பூக் கேளுங்கம்மா. ஒடம்புக்கு முடியலைன்னு ஆத்தாளுக்கும் தெரியோணுமில்ல."

நவம்பர் 30, ஞாயிறு

பனி. கை விறைத்தது. அம்மா சொன்னபடி அரளி பறித்து வந்தேன், வெள்ளை ஐந்து, சிவப்பு ஐந்து. பொட்டலம் நான் கட்டுகிறேன் என்று சு. பூத்தட்டை வாங்கிக்கொண்டாள்.

கோயிலுக்கு அம்மாவும் நானும். பூசாரி எடுத்தார். பிரித்தார். சிவப்பு. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாங்கறாளுங்க. உட்ருங்க" என்றார் பூசாரி.

வீட்டில் அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள், அழுதபடியே. போனைப் பார்த்தேன்: காலையிலேயே சாமிகளை எல்லாம் மதுரைப் பெண் பேருக்கு மாற்றியிருக்கிறாள் சு. 'இனிமே நீங்க பாத்துக்குங்க' என்று ஒரு வரி.

உள்ளே போனேன். பூத்தட்டு அவள் கட்டிலுக்கு அடியில். செவ்வரளி மூன்று. வெள்ளை ஐந்தும் அப்படியே.

"அதைக் கொண்டு போயி வெளிய கொட்டீருங்ண்ணா. அம்மா பாத்துரப் போறாங்க."

கொட்டினேன்.