நாலு கல்லின் மேல் நின்ற கார்

டேமா, கம்யூனிட்டி எட்டு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லாமிலேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். சுகம் என்றால், அம்மாவின் இடது முழங்காலையும் என் வயிற்று வாயுவையும் விட்டுவிட்டுப் பார்த்தால் சுகம். அவை இரண்டும் நம் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருப்பவை, இனிக் கிளம்புகிற உத்தேசம் அவைகளுக்கு இல்லை. நீ அங்கே பார்படாஸில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பும் மனசும் தெம்பாக இருக்க ஆண்டவரைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். உன் கார் சம்பந்தமாக ஒரு படிவம் இதோடு வருகிறது, அதில் உன் கைப்பட ஒரு கையெழுத்து வேண்டும். உன் ஆஸ்பத்திரிக்கே நர்ஸாக வரும் ஜீஃபா வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். இன்னொரு காரணம், போனில் நான் எதைச் சொன்னாலும் உன் அம்மா பக்கத்திலிருந்து திருத்துவாள். கடிதத்தைத் திருத்த அவளால் இப்போது ஆகாது, கண்ணாடி உடைந்து ஐந்து நாளாகிறது. உடைத்தது நான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். நாற்காலியில் வைத்தது அவள், உட்கார்ந்தது மட்டும்தான் நான்.

நீ போய்ப் பதினாலு மாதமாகிறது. கிளம்பிய அன்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாயே ஒரு தாள், காரைப் பத்திரமாக நிறுத்தி வைப்பது எப்படி என்று, ஒன்பது கட்டளைகள், மோசேக்குக் கிடைத்ததைவிட ஒன்றுதான் குறைவு, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நாலு சிமெண்டுக் கல்லின் மேல் தூக்கி வை, டயர் தரையில் படக் கூடாது என்றாய், வைத்தேன். வாரம் ஒரு முறை பேட்டரியை மாட்டிப் பத்து நிமிஷம் இன்ஜினை ஓட விடு என்றாய், விட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிரு, எலி வயரைக் கடிக்கும் என்றாய். எலி வரவில்லை, பக்கத்து வீட்டு ஓடார்லேயின் கோழி வந்து முட்டையிட்டது, அந்த முட்டைகள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு வீட்டுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஒன்பதாவது கட்டளை, கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது, அப்பா, உங்களைத்தான் சொல்கிறேன், என்று அடிக்கோடு போட்டிருந்தாய். கொடுக்கவில்லை மகளே. சனிக்கிழமை தோறும் ஊரில் எத்தனை சவ அடக்கம், எத்தனை பேர் கேட்டார்கள்! கார் கல்லின் மேல் இருக்கிறது, இறக்கினால் மகள் அங்கேயிருந்து மோப்பம் பிடித்துவிடுவாள் என்று சொல்லித் தப்பித்தேன்.

நடுவில் ஒரு தடவை, கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பிவிட முடியுமா என்று கேட்டாய். இருபத்தேழு வருஷமாகத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கிறவன் மகள் கேட்கிறாளே என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விசாரிக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். பெரியவரே, இந்தத் துறைமுகத்துல காருக்கு ஒரே வழிதான், கப்பல்லேருந்து கரைக்கு, நீங்க என்ன மீனைப் பொரிச்சப்புறம் கடல்ல விடணும்கிறீங்க என்றான் ஒருத்தன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆயிரக்கணக்கில் இறக்கியிருக்கிறேன், ஒன்றுகூட ஏற்றியதில்லை. அதோடு அங்கே சாலையில் இடது பக்கம் போகிறார்கள், நம் காருக்கு ஸ்டியரிங்கும் இடது பக்கம். ஒரு பஸ்ஸை முந்துவதற்குள் பக்கத்து சீட்டில் ஆளை உட்கார வைத்து, எதிரே ஏதாவது வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். சரி வேண்டாம் என்று நீயே விட்டுவிட்டாய்.

அப்புறம்தான் அந்தப் போன். ஒப்பந்தத்தை இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா, கார் வீணாப் போகுது, வித்துடுங்க என்றாய். நாலு மாதமாகிவிட்டது. அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோள மாவைப் பிசையப் போய்விட்டாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், என் மனசிலும் அதுதான் ஓடியது. கார் வாசலில் நிற்கிறவரைக்கும் மகள் வெளியே போயிருக்கிறாள் என்று பெயர். கார் போய்விட்டால் மகள் போய்விட்டாள் என்று பெயர். இப்போது ஒரு பாவமன்னிப்பு கேட்கிறேன், தொலைவில் இருப்பதால் தைரியமாகக் கேட்கிறேன். வாங்க வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று உன்னிடம் நான் சொன்னதெல்லாம் பொய். முதலில் வந்த வாத்தியாருக்குக் காரைக் காட்டும்போது, நல்ல கார்தான் சார், போன மாசம் தானா நகர்ந்தது, அவ்வளவுதான் என்றேன். கல்லின் மேல் நிற்கிற கார் எப்படி நகரும் என்றுகூட அந்த மனுஷர் கேட்கவில்லை, ஓடியே போய்விட்டார். இரண்டாவது ஆள் ஏன் திரும்ப வரவில்லை என்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. பிறகு பார்த்தால் உன் அம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இந்தக் காரை நிறுத்துன நாள்லேருந்து எங்க வீட்ல பால்கூடத் திரியுதுங்க என்று சொல்லியிருக்கிறாள். நான் விற்க அவசரப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அவள் விற்கத் துடிக்கிறாள் என்று நான். ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரே பானையில் கை விட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் நான் இன்ஜினை ஓட விடுவேன். முதல் மாதம் நான் மட்டும்தான் உட்கார்ந்தேன். பிறகு ஒரு நாள் அம்மா தொப்பியும் கைப்பையுமாக வந்து பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். எங்கே என்றேன். ஓட்டுங்க என்றாள். அன்றிலிருந்து வாராவாரம் பயணம்தான். லாமிலே அப்பா, கொஞ்சம் மெதுவா, அங்க பள்ளம் என்பாள். சக்குமோனோ தாண்டிட்டோம் என்பேன் நான். ஓடார்லே சோளக் கெங்கே உருண்டைகளை விற்கக் கூடையோடு வேலிப்பக்கம் போனால் அம்மா ராணி மாதிரிக் கையசைப்பாள். டயர் நாலும் அந்தரத்தில். ஒரு ஞாயிறு, இன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு விடுங்க என்றாள். விட்டேன். பத்து நிமிஷம் ஆனதும் இன்ஜினை நிறுத்தினேன். அவள் இறங்கிக்கொண்டே, பிளேன் லேட்டு போலிருக்கு, அடுத்த வாரம் பாப்போம் என்றாள். நான் பேட்டரி வயரைக் கழற்றுகிற சாக்கில் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

இனிமேல்தான் விஷயம். மூன்று வாரம் முன்னால், விடியும் நேரத்தில் நான் உனக்குப் போன் போட்டு, உனக்கு அங்கே ராத்திரி ஒன்றே முக்கால், நீ தூக்கத்திலிருந்து எழுந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கினாயே, அது ஏன் என்று இதுவரை நான் சொல்லவில்லை. நடந்தது இதுதான். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன வெள்ளி நிறக் கார் உறையின் மேல் பக்கத்து வீட்டு ஆடு ஏறிக் குதித்துக் குதித்துக் கிழித்துவிட்டது. ஹார்மட்டான் காற்றில் புழுதி வாரி இறைக்கிறது, கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். அம்மா சர்ச் கூட்டத்துக்காக மூன்று நாள் கேப் கோஸ்ட் போயிருந்தாள். நான் அவளுடைய பெட்டியைத் திறந்தேன், அடியில் பெரிய துணி ஒன்று கிடைத்தது, கனமான துணி, கார் முழுவதும் மூடுகிற நீளம், எடுத்துப் போர்த்தி நாலு மூலையிலும் கயிறு கட்டிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே இரண்டு சுற்றுச் சுற்றிவந்து மெச்சிக்கொண்டேன். அது என் அம்மாவின் சவ அடக்கத்துக்கு எடுத்த சிவப்பும் கறுப்புமான துணி என்று எனக்குத் தோன்றவே இல்லை மகளே. பெட்டியில் கிடைத்த துணி, மூட வேண்டிய கார், அவ்வளவுதான் இந்த மண்டைக்குத் தெரிந்தது.

ஓடார்லேக்குத் தோன்றியது. வெளிநாடு போன பெண்ணின் கார், துக்கத் துணி போர்த்திக் கல்லின் மேல் கிடக்கிறது. அம்மாக்காரி மூன்று நாளாக வீட்டில் இல்லை, சொந்தக்காரர்களுக்குச் சொல்லத்தான் போயிருப்பாள். அப்பன் நேற்றுக் கெங்கே வாங்க வந்தான், பொரித்த மீன் வைக்கட்டுமா என்றால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயு மகளே, வாயு! ஆனால் அவளுக்கு அது துக்கம். எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லையாம், ஆயிக்வே பெரியப்பாவிடம் மட்டும்தான் சொன்னாளாம். பெரியப்பாவிடம் சொன்னால் துறைமுகத்து ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கதவு தட்டுகிற சத்தம். பெரியப்பா கறுப்புத் துணியில், ஓடார்லே, சர்ச்சிலிருந்து மூன்று பேர், கடைசியில் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஆள், அவன் வந்ததும் வராததுமாக முற்றத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தான். அம்மா முதல் நாள் இருட்டியபின்தான் ஊரிலிருந்து வந்தாள், காரைப் பார்க்கவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முறைப்படி, இங்கே அமைதிதான், நீங்கள் வந்த காரியம் என்ன என்று கேட்டேன். பெரியப்பாவும் முறைப்படி, கெட்டது ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போக வந்தோம் என்றார். விடியற்காலையில் கறுப்பு கட்டிக்கொண்டு ஆறு பேர் சும்மா வருவார்களா? அவர் தரப்பில் யாரோ போய்விட்டார்கள், சொல்லத் தயங்குகிறார் என்று நினைத்து, நான் அவர் கையைப் பிடித்து, தைரியமா இருங்கண்ணே என்றேன். அவர் என் கையைப் பிடித்து, நீ தைரியமா இருடா தம்பி என்றார். இப்படி இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தைரியம் கொடுத்துக்கொண்டிருக்கையில், ஓடார்லே தாங்க முடியாமல், தங்கமான பொண்ணு, எனக்கு ஊசி போட்டா வலிக்கவே வலிக்காதே என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்தது. நம்மிடம் சொல்வதற்கு முன்னால் ஊருக்குச் செய்தி வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். நானும் நினைத்தேன், அதை இங்கே ஒளிப்பானேன். சிரிப்பும் விளையாட்டுமாக எழுதிக்கொண்டு வந்தேன், இந்த இடத்தில் மட்டும் என்னால் முடியவில்லை. உன் நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுப்பாரில்லை. இரண்டாவது தடவை எடுத்தாய். அப்பா, மணி என்ன தெரியுமா, உங்களுக்கு அறிவிருக்கா, நான் காலைல ட்யூட்டிக்குப் போகணும், யாராவது செத்துட்டாங்களா என்று கத்தினாய். ஸ்பீக்கரில் எட்டு பேரும் கேட்டோம். இல்லம்மா, ஒருத்தரும் சாகல, சும்மா உன் குரலைக் கேக்கணும்போல இருந்தது என்றேன். இன்னும் நல்லாக் கேளுங்க என்று மறுபடி திட்டினாய். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் அல்லேலூயா என்று எழுந்தே நின்றுவிட்டார்கள். உன் வாயிலிருந்து வந்த வசவுக்கு அன்று முற்றத்தில் ஸ்தோத்திரப் பாட்டு நடந்தது. பந்தல்காரன் மட்டும் கொஞ்சம் வாடிப்போனான்.

எல்லோரும் போன பிறகு அம்மா வெளியே போய் அந்தத் துணியை அவிழ்த்து மடித்தாள். என்னைத் திட்டுவாள் என்று முதுகைக் காட்டத் தயாராக நின்றேன். திட்டவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாமிலே அப்பா, ஓடார்லேமேல தப்பில்ல, கல்லு மேல ஏத்திப் போத்தி வெச்சா பொணம் மாதிரிதான் தெரியும், நாமதான் பதினாலு மாசமா பாத்துப் பாத்துப் பழகிட்டோம் என்றாள். அப்புறம் சொன்னாள், என் பொண்ணு இதுக்குள்ள இல்ல, அவ அங்க இருக்கா, ஒண்ணே முக்கால் மணிக்கும் திட்டுற அளவுக்கு நல்லா இருக்கா, எனக்கு அது போதும், இத இறக்கி யாருக்காவது குடுங்க. நான் வாயைத் திறப்பதற்குள், பால் திரியுதுன்னு இனிமே சொல்ல மாட்டேன் என்றாள். அப்படித்தான் அந்தத் திருட்டும் வெளியே வந்தது.

அஷைமானில் மருத்துவச்சியாக இருக்கிற மாவூசி வாங்குகிறாள். சின்னப் பெண், பிரசவம் என்று கூப்பிட்டால் எந்நேரமும் ஓட வேண்டியவள், இதுவரை ட்ரோட்ரோ வண்டிகளில் நசுங்கிக்கொண்டு போனவள். சனிக்கிழமை காரை இறக்கினோம். டயர் தரையைத் தொட்டதும் கார் ஒரு பெருமூச்சு விட்டது, சத்தியமாக, உன் அம்மாவும் கேட்டாள். மாவூசி ஓட்டிப் பார்க்க, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஏறிக்கொண்டோம், நிஜமான பள்ளத்தில் நிஜமாகக் குலுங்கிக்கொண்டு ரவுண்டானா வரை போய்வந்தோம். அம்மா ஒரு தடவைகூட மெதுவா என்று சொல்லவில்லை. படிவம் வந்ததும் எடுத்துக்கொண்டு போவாள். கல்லை மட்டும் எடுத்துப் போட வேண்டாம் என்றாள் அம்மா, உட்கார வசதியாக இருக்கிறதாம். போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்து தொப்பியும் கைப்பையுமாக ஒரு கல்லில் அவள், எதிர்க் கல்லில் நான். சக்குமோனோ தாண்டிட்டோமா என்று கேட்டாள், கழுதை.

ஜீஃபாவிடம் இரண்டு பாட்டில் ஷிட்டோ மிளகாய் விழுது கொடுத்திருக்கிறேன், பாட்டிலை நிமிர்த்தி வை, எண்ணெய் கசியும். படிவத்தில் நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் நீல மையில் கையெழுத்துப் போட்டு, மாதக் கடைசியில் லீவில் வருகிற சிநேகிதியிடம் கொடுத்தனுப்பு. மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷமானாலும் நீ நிற்கிற இடத்தில் உன் காலுக்குக் கீழே மண் உறுதியாக இருக்கட்டும், உன் கைபட்டவர்கள் குணமாகி எழுந்து நடக்கட்டும், ஆண்டவர் உன்னை மறக்காதிருக்கட்டும். நீயும் ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மணிக்கு ஒன்று, உன் மணிக்குக் காலை ஒன்பது, ஒரு பத்து நிமிஷம் போன் பண்ணு. முன்னே அந்த நேரத்தில் நாங்கள் வெளியே போய்விடுவோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறோம்.

என்றும் உன் திட்டுக்கு ஏங்கும் அப்பா,
அடோட்டே

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணாடியை நான்தான் உடைத்தேன் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.