அவர் தராத சிபாரிசுக் கடிதம்

இன்றைக்கு நம் காலேஜுக்கு டி.சி. வாங்கப் போனேன். நான் வேலைக்குப் போகிற ஒயர் கம்பெனியில் கேட்கிறார்கள். ஒயர் சுற்ற எதற்கு டி.சி. என்று கேட்டால் சூப்பர்வைசருக்கே தெரியவில்லை. கணிதத் துறை வராந்தாவில் பசை வாடை. பியூன் அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதே மெட்ராஸ் கணித ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பு, 1991-க்கானது. நான்கு வாரக் கோடைப் பயிற்சி, மாலைப் பொதுச் சொற்பொழிவுகள், ஆராய்ச்சி மாணவர் சேர்க்கை. கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நம் காலேஜில், கடைசித் தேதி போவதற்கு முன்னாலேயே ஒட்டியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் தேதியை இரண்டு தடவை படித்திருப்பாய்.

போன வருஷம் இதே அறிவிப்பு ஹெச்.ஓ.டி. மேசையில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. அட்டெண்டன்ஸ் கொடுக்கப் போன நீதான் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டு வந்தாய். காலேஜ் விட்டுக் காஞ்சிபுரத்திலிருந்து ஊர் திரும்பும் பஸ் முழுக்க அதே பேச்சு.

"சாப்பாடு, தங்கற எடம் எல்லாம் அவங்களே தராங்கடி. நாலு வாரம். கணக்கு மட்டும்தான்."

"ஜெயில்ல கூடதான் சாப்பாடு, எடம் எல்லாம் தரான்."

"நீ போடி. கணக்குப் போடறதையே வேலையா வச்சினுகீற ஆளுங்கள ஒரு தடவ பாக்கணும் எனக்கு. அதுக்கப்புறம் எங்கப்பா எவனுக்கு வேணா கட்டி வெக்கட்டும்."

அதற்குத் துறைத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். துணைக்கு நானும் வந்தேன். அந்த ஆளை நான் அப்போதே மதித்ததில்லை. வருஷா வருஷம் அதே பழுப்பேறிய நோட்ஸைப் பார்த்து ஒப்பிப்பார். சந்தேகம் கேட்டால், "அது பரீட்சைக்கு வராது." நான் படிப்பை விட்டதற்கு எங்கள் வீட்டில் பத்துக் காரணம் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

உன் விண்ணப்பத்தை அவர் கையில்கூட வாங்கவில்லை.

"அங்க பெரிய பெரிய காலேஜ் பசங்க வருவானுங்கம்மா. நீ போய் முழிப்ப. எந்தக் காலேஜ், யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேப்பான். யாரு பேரு கெடும்? என் பேரு."

"சரிங்க சார்" என்றாய்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "இன்னாடி சரிங்க சார்?"

"அவரு பயப்படறாருடி" என்று ஏதோ காய்ச்சல்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய். இந்த இரக்கம்தான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று.

கடிதம் இல்லாமலே நேரில் போய்க் கேட்கலாம் என்று சொன்னதும் நீதான். ஒரு பொதுச் சொற்பொழிவு நாளாகப் பார்த்து, வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறினோம். ரப்பர் செருப்புப் போட்ட ஒரு பெரியவர் போர்டு நிறைய எழுதிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் நாம் இருவரும். ஒரு பையன் எழுந்து ஏதோ கேட்டான். பெரியவர் வெகுநேரம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தனக்குத் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னார்.

"இத சொல்லவா மெட்ராஸுக்கு வரச் சொன்னான்?" என்றேன். நீ என் தொடையைக் கிள்ளினாய். திரும்பிப் பார்த்தால் உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆபீஸில் இருந்தவரிடம் கடிதம் கிடைக்காது என்று சொன்னாய். காரணத்தைச் சொல்லவில்லை; நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப நீயே ஒரு பக்கம் எழுதிக் குடும்மா. எது தெரியும்னு வேணாம். எது புரியலன்னு எழுது." நீ மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினாய். ஒரு பக்கம் போதவில்லை.

சேர்த்துக்கொண்டார்கள். நான்கு வாரம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாய். இளைத்திருந்தாய். என்னடி ஆச்சு என்றேன்.

"முழிச்சேன்டி. நாலு வாரமும் முழிச்சேன். யாரு சொல்லிக் குடுத்தான்னு ஒருத்தன் கேக்கணுமே. பாதி நேரம் அவங்களும் முழிச்சினுதான் இருந்தாங்க."

அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தார்கள், பிறகு காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரி. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

காலேஜில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உன் படத்துக்கு மாலை. மைக்கில் அந்த ஆள். "எங்கள் துறையிலிருந்து முதன்முதலாக ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்ற மாணவி. நான்தான் அவருடைய திறமையைக் கண்டறிந்து சிபாரிசு செய்து அனுப்பினேன்." கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த உன் அம்மா எழுந்து, அத்தனை பேர் முன்னால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து, "சார்" என்று ஆரம்பித்தேன். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "குந்துடி." வயலில் வேலை செய்த பிடி. உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் வைத்து உன் அம்மாவிடம் சண்டை பிடித்தேன். "அந்த ஆளு லெட்டரே தரல, உனுக்கு தெரியுமா அத்த? அவனப் போயி கும்புடற."

"எல்லாம் தெரியும். எம்பொண்ணு என்னாண்ட எதத்தான் சொல்லல."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"நான்தான் அனுப்பிச்சேன்னு அத்தினி பேரு எதுர்ல மைக்ல சொல்லிகினாரு இல்ல? நானும் கும்பிட்டுட்டேன். ஊரே பாத்துச்சு. இனிமே ஒரு பொண்ணு போயி லெட்டர் கேட்டா, இல்லன்னு சொல்ல அந்தாளுக்கு வாய் வருமா? நீ எய்ந்து பொய்யின்னு சொல்லியிருந்தா, அந்தக் கோவத்துல எவளையும் அனுப்ப மாட்டான்."

மகளைப் புதைத்துப் பதினாறு நாள்கூட ஆகாத பெண் இதை எல்லாம் யோசித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைக்கு டி.சி.யோடு வெளியே வரும்போது அந்த ஆள் வராந்தாவில் எதிரே வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "நல்லா இருக்கியாம்மா? இந்த வருஷம் நோட்டீஸ் ஒட்டறதுக்கு முந்தியே ரெண்டு பொண்ணுங்களுக்கு லெட்டர் குடுத்துட்டேன். உன் ஃபிரண்ட் போட்ட வழி" என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டார் என்று தெரிந்தது.

நீயாக இருந்தால், "ரொம்ப நன்றி சார்" என்றிருப்பாய். உன் அம்மா இன்னொரு தடவை கும்பிட்டிருப்பார். அந்த இரண்டு பெண்களும் போகட்டும், நான்கு வாரமும் நன்றாக முழித்துவிட்டு வரட்டும். ஆனால் நடந்ததை நடந்தபடி தெரிந்து வைத்திருக்க யாராவது ஒருத்தி வேண்டும். அது நான். கும்பிடாமல், அவர் வழிவிடும்வரை நின்றுவிட்டு வந்தேன்.