பதினைந்து பிளேட் பேட்டரியும் நாற்பது கெஜமும்

11 ஜூன் 1973, திங்கள்

தையல் பள்ளிக்கு இன்றும் அரை மணி தாமதம். மாதர் சங்கத் தலைவி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. கிளட்சை மிதிக்க வெறும் கால்தான் எனக்கு வசதி. கழற்றி வண்டியில் போட்டவள் மறந்து இறங்கிவிட்டேன். என் செருப்பு, கழுகு பார்க்கப் போன நான்கு வடக்கத்திக்காரர்களோடு திருக்கழுக்குன்றம் போய் வந்தது.

எல்லாம் அந்த பேட்டரியால் வந்த வினை. எங்கள் டாக்ஸி செல்ஃப் ஸ்டார்ட்டரில் கிளம்பி மூன்று மாதம் ஆகிறது. காலையில் இவரும் கொழுந்தன் தேசப்பனும் பின்னால் நின்று தள்ளுவார்கள். வீட்டு வாசலிலிருந்து தார் ரோடு வரை நாற்பது கெஜம், லேசான சரிவு. ஸ்டியரிங்கில் யாராவது உட்கார வேண்டுமே, அது நான். இரண்டாவது கியர் போட்டு கிளட்சை அமுக்கிக்கொண்டு இருப்பேன். இவர் "வுடு" என்று கத்தியதும் விடுவேன். என்ஜின் இருமும், உதறும், பிடித்துக்கொள்ளும். உடனே மறுபடி கிளட்ச், பிரேக். இறங்கி இவரிடம் கொடுத்துவிடுவேன். என் மோட்டார் வாழ்க்கை தினம் நாற்பது கெஜம்.

13 ஜூன்

இரண்டாவது தள்ளலிலேயே பிடித்துக்கொண்டது. தன் தோள்தான் காரணம் என்கிறார் இவர். என் கால் என்று நான் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

17 ஜூன், ஞாயிறு

விடுதி வாசலில் இன்று மானம் கப்பலேறியது. கடற்கரை விருந்தினர் விடுதியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை ஏற்றப் போயிருக்கிறார். அங்கே என்ஜின் அணைந்துவிட்டது. தள்ள ஆள் இல்லை. வெள்ளைக்காரர் இறங்கித் தள்ளினாராம், அந்த அம்மாள் போட்டோ எடுத்தாளாம். அதை மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். இன்னொரு தடவை விருந்தாளி தள்ளினால் இந்த வண்டியைக் கூப்பிடவே மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ராத்திரி இவர் சாப்பிட உட்கார்ந்தார். கடைசியில் மோருக்கு வந்தபோது சொன்னார், புது பேட்டரி போடப் போகிறாராம். சாதாரணமானது இல்லை, லாரிக்குப் போடுவது போலப் பெரியதாக. தொட்டால் எடுக்க வேண்டுமாம்.

நல்லது என்றேன். நல்லதுதானே? பிறகு ஏன் எனக்கு மோர் இறங்கவில்லை?

18 ஜூன்

யோசித்துப் பார்த்தேன். காரணம் தெரிந்துவிட்டது. புது பேட்டரி வந்தால் யாரும் தள்ள வேண்டாம். தள்ள வேண்டாமென்றால் நான் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டாம். அவ்வளவுதான். எனக்கு அந்த நாற்பது கெஜம் பிடித்திருக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நாள் முழுக்க அதுதான் எனக்குப் பிடித்த நேரம்.

துணிந்து கேட்டேன், எனக்கு முழுசாக ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று. சிரித்துவிட்டார்.

"நீ எங்க ஓட்ன? நான் தள்ளிகினு வர்றேன், நீ குந்திகினு வர்ற."

ராத்திரி குழம்பில் உப்பு போடவில்லை. மறந்து இல்லை.

24 ஜூன், ஞாயிறு

செங்கல்பட்டு போனோம். நூல்கண்டு வாங்க வேண்டும் என்று நானும் தொற்றிக்கொண்டேன். மெக்கானிக் மோசஸ் கடை. பழையது ஒன்பது பிளேட், இது பதினைந்து பிளேட். பிளேட் கூடக் கூட சக்தி கூடுமாம். கறுப்பாக, அகலமாக, இரண்டு பேர் தூக்கினால்தான் நகர்கிறது.

மோசஸ் அளந்து பார்த்துவிட்டு, பழைய தட்டில் இது உட்காராது, இரும்புச் சட்டம் அடித்துத்தான் மாட்ட வேண்டும், வெல்டிங்காரன் புதன்கிழமைதான் வருவான் என்றார். "அவசரப்படாதீங்க கங்காதரன். ஆட்டம் இருக்கக் கூடாது."

புதன் வரை இவருக்குப் பொறுமையா? பேட்டரியைப் பின்சீட்டில், என் பக்கத்தில் உட்கார வைத்து, போர்வை போர்த்தி ஊருக்குக் கொண்டுவந்தார். வளைவுகளில் நான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

25 ஜூன்

தேசப்பன் பேட்டரியைக் கட்டிவிட்டான். மாட்டவில்லை, கட்டினான். தென்னங்கயிற்றால், கட்டுமரம் கட்டுவது போல. இரும்பையும் ஆணியையும் அவன் நம்புவதே இல்லை. கடலில் ஆணி துருப்பிடிக்கும், கயிறுதான் கூட வரும் என்பது அவன் கட்சி. நாலு சுற்று, குறுக்கே நாலு சுற்று, காலால் உதைத்து இறுக்கி ஒரு முடிச்சு.

"அண்ணாத்த, புயலடிச்சாலும் இது அவுறாது."

குப்பமே கூடி நின்றது. இவர் செல்ஃப் பிடியை இழுத்தார். ஒரே இழுப்பு. என்ஜின் உறுமியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார், சின்னப் பையன் மாதிரி. கோபப்படவும் முடியவில்லை.

26 ஜூன்

எட்டு மணிக்கே தையல் பள்ளிக்குப் போய்விட்டேன். பூட்டு திறக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன்.

4 ஜூலை, புதன்

இவருக்கு இப்போது இரண்டு சம்சாரம். இரண்டாவது ஆள் பானட்டுக்குள் இருக்கிறாள். காலையில் எழுந்ததும் அவள் முகத்தைத் துண்டால் துடைக்கிறார். மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறார். மோசஸ் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும் என்றிருக்கிறார். இவர் தினம் ஊற்றுகிறார், விளிம்பு வரை. வழிந்தால் அது அவள் சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளமாம். எனக்குக் காபி போதுமா என்று ஒரு நாள் கேட்டதுண்டா?

மீன் விற்கும் சந்திரம்மா அக்காவிடம் இதைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

9 ஜூலை

மத்தியானம் இவர் தூங்கினார். நான் போய் வண்டியில் உட்கார்ந்தேன். சும்மாதான். செருப்பைக் கழற்றி, கிளட்சை அமுக்கி, இரண்டாவது கியர் போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜன்னலில் ஒரு தலை. சந்திரம்மா அக்கா.

"இன்னாடி, எந்த ஊருக்குப் போய்க்கினு கீற?"

அழுகை வந்துவிட்டது. சொன்னேன், எல்லாவற்றையும். இவர் சிரித்ததையும். அக்கா சிரிக்கவில்லை. "நான் கூடை தூக்கின முதல் நாளும் இவனுங்க சிரிச்சானுங்க, நீ கேட்டுகினே இரு" என்றாள். பிறகு ஓசியாகக் கொஞ்சம் நெத்திலி கொடுத்துவிட்டுப் போனாள்.

19 ஜூலை, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

விடுதியிலிருந்து மதுரைத் தம்பதி ஒன்று, செங்கல்பட்டில் ரயில் பிடிக்க வேண்டும். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. குரலிலேயே பிரம்பு இருந்தது. தையல் மெஷினுக்குப் பெல்ட் வாங்க நானும் முன்சீட்டில் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டி இரண்டு மைல் இருக்கும். ஒரு பள்ளம். டமார் என்று ஒரு சத்தம், பானட்டுக்குள்ளிருந்து புகை, என்ஜின் நின்றுவிட்டது.

திறந்து பார்த்தால் கயிறே இல்லை. தினம் ஊற்றி ஊற்றி வழிந்த ஆசிட் அதைத் தின்றுவிட்டிருக்கிறது. பேட்டரி சாய்ந்து, இரும்பில் பட்டுப் பொறி பறந்துகொண்டிருந்தது. இவர் யோசிக்காமல் கொதிக்கிற ஒயரை வலது கையால் பிடித்து இழுத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் போட்டுவிட்டது. அந்த அம்மாளின் கூஜாத் தண்ணீர் முழுவதையும் கையில் ஊற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, திட்டவும் தோன்றியது, இரண்டையும் செய்தேன்.

பக்கத்தில் ஒரு சைக்கிள் பஞ்சர் கடை. பழைய டியூபை அறுத்து வாங்கி, பேட்டரியை நிமிர்த்திக் கட்டினேன். ஒயரைக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார். ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் பொறி விட்டதில் பதினைந்து பிளேட்டும் களைத்துவிட்டது.

தள்ள வேண்டியதுதான். மதுரைக்காரர், பஞ்சர் கடைக்காரர், இவர் தோளைக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு. நான் ஸ்டியரிங்கில். "வுடு" என்றார். விட்டேன். பிடித்துக்கொண்டது.

வழக்கம் போல பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டு, இறங்குவதற்குக் கதவைத் திறந்தேன். இவர் ஓடி வந்து கையைக் காட்டினார். அந்தக் கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. வலியிலா, என்னவோ, கண் கலங்கியிருந்தது.

"எறங்காத வச்சலா. நீயே போ."

எல்லாரும் ஏறினார்கள். நான் போனேன். ஏழு மைல்.

முதல் மைல் முழுக்க இரண்டாவது கியர். பிறகு இவர் "கிளட்ச்" என்பார், நான் அமுக்குவேன், இவர் இடது கையை நீட்டிக் கியரைத் தள்ளுவார். ஒரு வண்டி, இரண்டு டிரைவர். எதிரில் வைக்கோல் வண்டிகள், ஒரு லாரி, ஒரு கல்யாண ஊர்வலம். ஊர்வலத்துக்கு வழி விட்டு ஓரத்தில் நிறுத்தினேன், என்ஜின் அணையவில்லை! மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ரயில் கிடைத்தது. அந்த அம்மாள் இறங்கும்போது என் தோளைத் தட்டி "நல்ல பொறுமை" என்றார். இவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

பயந்தேனா? பயந்தேன். ஆனால் இறங்க மனசே வரவில்லை.

20 ஜூலை

தேசப்பன் பானட்டைத் திறந்து அரை மணி துழாவினான். கடைசியில் முடிச்சை எடுத்துவந்து காட்டினான். முடிச்சு அப்படியே இருந்தது, கயிறுதான் இல்லை. "பாத்தியா அண்ணி, அவுறல" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறான்.

இவர் கையில் கட்டு. மூன்று வாரம் நனைக்கக் கூடாது. நான்தான் ஊட்டுகிறேன்.

28 ஜூலை, சனி

மேனேஜருக்கு மதுரையிலிருந்து கார்டு வந்திருக்கிறது. ஆள் அனுப்பி எங்களிடம் கொடுத்துவிட்டார். இவர்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு என்னிடம் எறிந்தார்.

அந்த அம்மாள் எழுதியிருக்கிறார்: உங்கள் பெண் டிரைவர் மிகுந்த திறமைசாலி. ஆனால் புறப்படும்போது கிளீனரை ஓட்டிப் பழகவிட்டது பெரிய தவறு. அதனால்தான் வண்டி பழுதானது. அவர் உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டதால் ரயிலைப் பிடித்தோம். அக்டோபரில் எங்கள் பள்ளி ஆசிரியைகள் வருகிறார்கள், அந்தப் பெண்ணையே அனுப்பவும். கிளீனர் வேண்டாம்.

நான் சிரிக்கக் கூடாது என்று அடுப்படிக்குப் போனேன். அங்கே தேசப்பன் ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்தான்.

29 ஜூலை

பேசவில்லை.

30 ஜூலை

பேசவில்லை. ஊட்டும்போது வாயை மட்டும் திறக்கிறார். குப்பத்தில் "கிளீனர்" பெயர் பரவிவிட்டது. சந்திரம்மா அக்கா வேலை அது.

மனசு கேட்கவில்லை. படுக்கும்போது சொன்னேன். உங்களைப் பார்த்து ஊர் சிரிப்பதற்கு நான் காரணம் இல்லை. ஆனால் எனக்கு ஓட்ட ஆசை. நாற்பது கெஜம் இல்லை, ஊர் ஊராக. நீங்கள் சொல்லிக்கொடுக்காவிட்டால் மோசஸிடம் கேட்பேன்.

திரும்பிப் படுத்துக்கொண்டார்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

வாசலில் பலகை வாசனை, பெயிண்ட் வாசனை. வண்டியின் முன்னால் ஒரு பலகை தொங்குகிறது. வெள்ளையில் சிவப்பாக ஆங்கில எல் எழுத்து. கோணலாக இருக்கிறது, இடது கையால் எழுதியிருக்கிறார்.

22 ஆகஸ்ட்

மோசஸ் இரும்புச் சட்டம் அடித்து மாட்டிவிட்டார். பேட்டரி இனி அசையாது. கையும் ஆறிவிட்டது.

தினம் சாயங்காலம் சவுக்குத் தோப்புப் பக்கம் பழக்கம். நல்ல வாத்தியார்தான், கத்துவார். ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம். வண்டியை அவரேதான் ஸ்டார்ட் செய்வார், பிறகு இடம் மாறிக்கொள்வோம். "செல்ஃப் மேல கை வெக்காத, பேட்டரி எறங்கிடும்." எனக்கு ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டார். அவளை இன்னும் கொடுக்கவில்லை.

13 செப்டம்பர், வியாழன்

இன்று செங்கல்பட்டில் டெஸ்ட்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தாளைப் பிரித்து, "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். செருப்பைக் கழற்றினேன். கிளட்சை அமுக்கினேன். இரண்டாவது கியர் போட்டேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவரும் காத்திருந்தார்.

வண்டி லேசாக நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். பின்னால் இவர்! புளியமரத்தடியில் நின்றிருந்த மனிதர், நான் கியர் போட்டதைப் பார்த்ததும் ஓடிவந்து தோளைக் கொடுத்திருக்கிறார்.

"யாரும்மா அது?"

"வீட்டுக்காரர் சார்."

"எதுக்குத் தள்றாரு?"

என்ன சொல்வது? பழக்கம் சார் என்றேன். இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய் இவரைப் புளியமரத்தடியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு வந்தார். மீசைக்கடியில் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. கியரை நடுவில் வைக்கச் சொன்னார். செல்ஃப் பிடியைக் காட்டினார். என் வாழ்க்கையில் முதல் முறையாக அதை இழுத்தேன். ஒரே இழுப்பு. அந்தச் சத்தம் என் கையிலிருந்து வந்தது என்பதை நம்பவே முடியவில்லை. பிறகு எட்டுப் போட்டது, பின்னால் எடுத்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். திருக்கழுக்குன்றம் வந்ததும் இவர், டிஸ்டில்ட் வாட்டர் மாதம் ஒரு தடவை ஊற்றினால் போதும், ஞாபகம் வைத்துக்கொள் என்றார்.

6 அக்டோபர், சனி

ஐந்தரைக்கு விடுதியில் மூன்று ஆசிரியைகளை ஏற்ற வேண்டும். விடியற்காலையில் வண்டிச் சாவியைக் காணோம். ஆணியில் இல்லை, இவர் சட்டைப் பையில் இல்லை, தலையணைக்கடியில் இல்லை. வழக்கம் போல எங்கேயாவது போட்டுவிட்டுத் தூங்குகிறார் என்று கோபம் வந்தது. உலுக்கி எழுப்பினேன். சாவி எங்கே என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை.

"என்னைக் கேட்டா? உன் இடுப்புலதான கீது."

இருந்தது. போய் வந்தேன்.