இருநூற்று ஐம்பத்தாறு கதவுக்கும் பூட்டு

மார்ச் 3, திங்கள்

அலுவலக வாசல் பல்பை மாற்றினேன். அண்ணன் புது இணைப்பு கொடுக்க மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறான். எங்கள் இருவரின் இந்தக் குட்டி இணைய நிறுவனத்துக்கு இன்றோடு ஆறு வயது. எனக்கே இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மார்ச் 4, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் டாக்டரம்மா காலையிலேயே பிடித்துக்கொண்டார். நோயாளிகளுக்கு அனுப்பும் ரிப்போர்ட் ஒன்றும் போய்ச் சேரவில்லை, எல்லாம் திரும்பி வருகிறது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்மா. அப்புறம் வேற கம்பெனிதான்." எங்கள் பிழைப்பில் பாதி அவர்தான். அவர் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

காரணம் தெரிந்துவிட்டது. எங்கள் இணைய முகவரி வரிசை முழுவதும் — வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் 256 எண்களும் — குப்பை மெயில் கறுப்புப் பட்டியலில். அதைப் பார்த்துத்தான் ஊர் உலகத்து மெயில் சர்வர்கள் கதவைச் சாத்துகின்றன. லேப்பின் 112ஆம் எண் ஒரு பாவமும் அறியாது. செய்தது 47ஆம் எண், செருப்புக்கடைக்காரர். எங்கிருந்தோ நாற்பதாயிரம் பேரின் மெயில் முகவரியை வாங்கித் தள்ளுபடி விளம்பரம் அனுப்பியிருக்கிறார். "ரெண்டே ரெண்டு தடவைதான்மா அனுப்பினேன்." ரெண்டே ரெண்டு!

அண்ணன் குதித்தான். "ஒருத்தன் குப்பை கொட்டினா தெருவையே பூட்டுவாங்களா?" அதானே! என்ன நியாயம் இது? பட்டியல்காரர்களுக்குக் காரசாரமாக எழுதிப் போட்டேன்.

மார்ச் 5, புதன்

பதில் வந்தது. முதலில் 47ஐ மட்டும்தான் பட்டியலில் போட்டார்களாம். மூன்று வாரத்தில் நான்கு புகார் எழுதினார்களாம். நாங்கள் கண்டுகொள்ளாததால்தான் வரிசை முழுவதையும் சேர்த்தார்களாம்.

பச்சைப் பொய். ஒன்றும் வரவில்லை. அப்படியே அவர்களுக்கும் எழுதிப் போட்டேன்.

அதே நாள், மாலை

வந்திருக்கிறது. நான்கும்.

எங்கள் குப்பைப் பெட்டியில் கிடந்தன. சான்றுக்காக அந்தச் செருப்பு விளம்பரத்தையும் புகாரோடு இணைத்திருந்தார்கள். எங்கள் குப்பை மெயில் வடிகட்டி அதை மோப்பம் பிடித்து, புகாரையே குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டது. புகார் வரும் மெயில் பெட்டிக்கும் வடிகட்டி மாட்டிய மகராசி யார்? நான்தான். போன மாதம். ஒரே நாளில் பெட்டி சுத்தமாகிவிட்டது என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டது வேறு. சீ! பொய்யின்னு எழுதினேனே, எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சிக்க?

மார்ச் 6, வியாழன்

"சர்வர் ரிப்பேர்னு எழுதிடு" என்கிறான் அண்ணன். "நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்டா எவன் நம்புவான்?"

ஆனாலும் பட்டியல்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். 47இன் மெயிலை நிறுத்தியாயிற்று. வாங்கிய முகவரிகளை அவர் என் கண்ணெதிரே அழித்தார். புகார்ப் பெட்டிக்கு இனி வடிகட்டி இல்லை, தினமும் நானே படிப்பேன். நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நாளைக்குச் சாயங்காலம்" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 7, வெள்ளி

பதினொன்றரைக்குப் பார்த்தேன். பட்டியலில் நாங்கள் இல்லை. பத்து தடவை பார்த்தேன். இல்லவே இல்லை! அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான். சந்தோஷம் வந்தால் அவனுக்கு அப்படித்தான்.

சில சர்வர்கள் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. டாக்டரம்மா இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

புகார்ப் பெட்டியில் ஒரு மெயில். மறுபடியும் புகாரா? திறந்தால் செருப்புக்கடைக்காரர்: "கடைக்கு வந்து, அவங்களா கேட்டு, பேர் எழுதிக் கொடுத்தது பதினெட்டு பேர். அவங்களுக்கு மட்டும் அனுப்பலாமா?" தாராளமாக அனுப்புங்கள் என்றேன்.

மார்ச் 19, புதன்

அம்மா காலையில் லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மத்தியானம் போனில் ஒரே கத்தல். "மெயில் வந்துடுச்சுடி! சர்க்கரை கூடிப்போச்சாம், இனிப்பைத் தொடக்கூடாதாம். இதுக்கு நீ அந்தப் பட்டியல்லயே கிடந்திருக்கலாம்!"

சாயங்காலம் அவள் திட்டத் திட்ட, போனை வாங்கி அந்த மெயில் கிளம்பிய எண்ணைத் தேடினேன். எங்கள் வரிசைதான். டாக்டரம்மாவின் அதே 112.