எருமை உடம்பு, தவளை வாய்

மார்ச் 4, செவ்வாய்

களிமண் வகுப்பில் இன்று முதல் நாள். ரிட்டயர் ஆன என்னைச் சமாளிக்க முடியாமல் மனைவி சேர்த்துவிட்டாள். "வீட்ல உட்கார்ந்து எல்லாரையும் குறை சொல்றதுக்கு, அங்க போய் மண்ணைப் பிசைங்க" என்றாள். அங்கே குறை சொல்ல இன்னும் பத்துப் பேர் கிடைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

டீச்சரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. உலகத்தில் இல்லாத ஒரு மிருகத்தைக் கையால் செய்ய வேண்டுமாம். பக்கத்து மேசையில் முன்னாள் பேங்க் மேனேஜர். முயலுக்குச் சிறகு வைத்துவிட்டு, தானே அதைப் பார்த்து உருகுகிறார். பிள்ளைப்பூச்சி மாதிரி இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லியும்விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

என்னுடையது எருமை உடம்பு, தவளை வாய், சேவல் வால். "தவளைக்குப் பல்லு ஏது சார்?" என்கிறார் மேனேஜர். எருமைக்குச் சேவல் வால் இருக்கலாம், பல் மட்டும் கூடாதாம்! முப்பத்தைந்து வருஷம் பல்செட் செய்த கை. வாய் என்று ஒன்று வைத்தால் பொக்கையாக விடுமா?

மார்ச் 12, புதன்

என் தம்பி மனைவிக்குப் போன் செய்தானாம். பல்லெல்லாம் எடுத்துவிட்டார்களாம். எவனோ செய்த செட் சரியில்லையாம். "கண்ணாடியில வேற யாரோ சிரிக்கிற மாதிரி இருக்குன்னு அழறாருங்க. நீங்க செஞ்சு குடுங்களேன்."

என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், "எங்க அண்ணன் பொய்ப்பல் வியாபாரி" என்று சொல்லிச் சிரித்தவன். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது துரைக்குப் பொய்ப்பல் கேட்கிறதோ? சோற்றைக் கரைத்துக் குடிக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

எருமைக்குப் பல் வைத்தேன். வகுப்பே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், வயித்தைக் குடைஞ்சு மண்ணை எடுத்துருங்க. கெட்டியா சூளைல வச்சா வெடிச்சிரும்" என்றாள் டீச்சரம்மா. எங்கள் தொழிலில் உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலே அது உதவாத வேலை. இவள் எருமையையே காலி டப்பா ஆக்கச் சொல்கிறாள்! தலையாட்டினேன். அவள் அந்தப் பக்கம் போனதும் வயிற்றை இன்னும் இறுக்கி அடைத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வெடித்துவிட்டது. தேதியும் பொருத்தம்தான்.

போகிற போக்கில் மேனேஜருடைய முயலின் ஒரு சிறகையும் கொண்டுபோயிருக்கிறது. அவர், "பரவால்ல சார், முயல் பறக்கவா போகுது?" என்றார். டீச்சரம்மாவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாய் மட்டும் மெலிதாக இருந்ததால் பிழைத்ததாம். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் மனைவி பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இது உங்க தம்பி பல்லு."

உளறாதே என்றேன். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. இடப்பக்கக் கோரைப்பல் பக்கத்துப் பல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது — அவனேதான். என் கைக்கு வேற வாயே கிடைக்கலையா? நான் செஞ்சது எனக்கே தெரியலையே! பன்னிரண்டு வருஷமா திட்டித் திட்டி இதைத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேனா? ச்சே.

"வரச் சொல்லட்டுமா?" என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வந்தான். கன்னம் ஒட்டிப்போய், பேச்சு பாதி காற்றாகப் போகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. அளவெடுக்க உட்கார வைத்து, "வாயைத் திற" என்றேன். பன்னிரண்டு வருஷம் கழித்து நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. தவளை வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக மெழுகில் பதித்திருந்தேன். இன்று அவன் வாயில் வைத்துப் பார்த்தோம்.

"அந்தக் கோரைப்பல்லை நேராக்கிடவா? கொஞ்சம் லட்சணமாவது வரும்."

"கோணலாவே இருக்கட்டும், அண்ணா."

கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் புத்தி எங்கே போகும்? அண்ணி எல்லாக் கதையும் சொல்லியிருக்கிறாள். "எருமை மாதிரி இருக்கேனா?" என்று பல்லைக் காட்டினான்.

"எருமை இதைவிட அழகா இருந்துச்சு."

கடைவாயில் கடி சரியில்லை, நாளைக்கும் வா என்று சொல்லி அனுப்பினேன். கடியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.