ஜெயா ஊட்டிய தயிர் சாதம்

டீச்சர்,

மாட்டுங்காவில் உங்களுக்காக நடந்த இரங்கல் கூட்டம் முடிந்து செம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் டிபன் டப்பாவைத் திறந்தார். தயிர் சாதம், நார்த்தங்காய். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கூட்டத்தில் பேசிய எல்லாரும் உங்களைக் கருணையின் வடிவம் என்றார்கள். அந்தக் கருணையைத் தின்று பார்த்தவள் நான். என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது யுத்த காலம். உங்கள் பாலர் வகுப்பு ஒரு மாடி ஹாலில் நடந்தது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன என்னை அம்மா தினமும் இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறுவாள். வேறு யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள். அம்மா உங்களைத் தெய்வமாக நினைத்தாள். எதற்காகச் சேர்த்தீர்கள் என்பது, வகுப்பைப் பார்க்க வந்த மாமிகளிடம் நீங்கள் பெருமையாகச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இவளை வெச்சுண்டுதான் கொழந்தேளுக்கு இரக்கம் சொல்லிக் குடுக்கறேன்."

எண்ணப் பழக மணிச்சட்டம், இரக்கப்படப் பழக நான்.

பிரார்த்தனை முடிந்ததும், இன்றைக்கு யார் இவளுக்கு உதவப் போகிறீர்கள் என்று கேட்பீர்கள். எல்லாக் கையும் உயரும். முறை கிடைத்த பிள்ளை என் மூக்கைத் துடைக்கும், பல்பத்தை எடுத்துத் தரும், மத்தியானம் சோறு ஊட்டும். கால்தானே போயிற்று, என் கை என்ன பாவம் செய்தது? காலைப் பற்றி எந்தப் பிள்ளையாவது வாயெடுத்தால், "கேக்கப்படாது, பாவம்" என்று அடக்கிவிடுவீர்கள். ஓடிப் பிடிக்கும் நேரத்தில் என்னை ஜன்னலோரம் உட்காரவைப்பீர்கள். இரக்கப்படத் தெரிந்த அத்தனை பிள்ளைகளில் ஒன்றுக்கும் என்னோடு விளையாடத் தெரியவில்லை.

ஒரு நாள் ஜெயாவின் முறை. வாயில் இருந்த தயிர் சாதத்தை நான் விழுங்குவதற்குள் அடுத்த கவளத்தைத் திணித்தாள். அவள் விரலைக் கடித்துவிட்டேன். நன்றாகவே கடித்தேன், இன்றுவரை வருத்தம் இல்லை. நன்றி கெட்டது என்றீர்கள். மறுநாள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, ஜெயாவின் கையாலேயே சாப்பிட்டால்தான் வகுப்பில் இடம் என்று அம்மாவிடம் சொன்னீர்கள். வீடு வரும்வரை அம்மா என்னைக் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஜெயா முந்திக்கொண்டாள்.

"ஏண்டி, நோக்குக் கையும் வெளங்காதா?"

நீங்கள் அடக்குவதற்குள் கேட்டு முடிக்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். "வெளங்குமே" என்று டப்பாவை வாங்கினேன். ஒரு கவளம் உருட்டி அவள் வாயில் வைத்தேன். அவள் சிரித்தாள். மற்ற பிள்ளைகளும் எனக்கு, எனக்கு என்று சுற்றி உட்கார்ந்தார்கள். ரேஷன் அரிசிச் சோறு, டப்பா காலியாகும்வரை எல்லாருக்கும் ஊட்டினேன். அந்த வகுப்பில் நான் விளையாடிய ஒரே விளையாட்டு. நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வயதுக்கே புரிந்துவிட்டது, நான் உங்களுக்கு இனி உதவ மாட்டேன் என்று.

அன்று அழைத்துப்போக வந்த அம்மாவிடம், "இதுக்கு அடக்கம் போறாது, ஆத்துலயே வெச்சுக்கோங்கோ" என்றீர்கள். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜெயாவும் மற்றவர்களும் பெரிய வகுப்புக்குப் போவதை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று கூட்டம் முடிந்து திரும்பிய அதே பஸ்ஸில் ஒரு குழந்தை என் காலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். கையை எடும்மா, கேட்கட்டும் என்றேன். புடவையைச் சற்றுத் தூக்கி, தோல் பட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டினேன். குழந்தை தானே ஒருமுறை அவிழ்த்து மாட்டிப் பார்த்தது. நீங்கள் இருந்திருந்தால் அதட்டியிருப்பீர்கள்.

பள்ளிக்கூடம் பறிபோனதைக்கூட நான் மறந்திருப்பேன். ஆனால் அன்று படியிறங்கும் முன், இத்தனை நாள் வைத்துக்கொண்டதற்காக அம்மா உங்களுக்கு நமஸ்காரம் பண்ணினாள். டீச்சர் நல்லவள், நீதான் கெடுத்துக்கொண்டாய் என்று சாகும்வரை சொன்னாள். உன் பெண் மேல் தப்பில்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல, உங்களுக்கு எத்தனையோ வருஷம் இருந்தது.